பூட்டிய காருக்குள் விழித்திருப்பது யார்? நிறுத்திய இடத்திலேயே பேட்டரி தீர்ந்துபோகும் கதை

"தம்பி, உங்க வண்டி ராத்திரியில டிக்கு டிக்குனு ஏதோ சத்தம் போடுது, பாருங்க" என்று பேஸ்மென்ட் பார்க்கிங்கில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் ஐயா சொன்னபோது, என் அண்ணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எலியாக இருக்கும் என்று பானெட்டுக்குள் நாலு நாப்தலின் உருண்டைகளைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு நாள், காலை 5 மணி. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். பத்து நாட்களாக எடுக்காத கார். ரிமோட்டை அமுக்கினால் கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது என்பதை யூடியூப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பேஸ்மென்ட்டில் சிக்னல் இல்லாததால், அந்த வீடியோவைப் பார்க்க மாடி ஏறி மேலே வந்தார். கதவைத் திறந்த பிறகும் பயன் இல்லை. செல்ஃப் எடுக்கவில்லை, மீட்டரில் விளக்குகள் பேய்ப்படம் மாதிரி மின்னி அணைந்தன. அம்மா ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஒன்றரை வருடத்தில் அந்த காரில் செத்துப்போன மூன்றாவது பேட்டரி அது. ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டரில் கிடைத்தது ஒரே பதில்தான்: "சார், நீங்க வண்டியை ஓட்டுறதே இல்ல. பேட்டரி போயிடுச்சு, மாத்திடலாம்."

வொர்க் ஃப்ரம் ஹோம், மெட்ரோ, பைக் டாக்ஸி என்று வாழ்கிற நம்மில் பலருக்கு கார் என்பது வார இறுதி விஷயம். அதனால் இந்தப் பதிலைக் கேட்டதும் குற்ற உணர்ச்சியோடு தலையாட்டிவிடுகிறோம். ஆனால், ஐந்து நாள் சும்மா நிற்பதைக்கூடத் தாங்காத பொருளை லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கியது யாருடைய தவறு? இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

ஆஃப் பண்ணினாலும் ஆஃப் ஆகாது

அந்தக் கால அம்பாசிடரிலோ மாருதி 800-லோ சாவியைத் திருப்பி எடுத்தால் கதை முடிந்தது. கடிகாரம், ரேடியோவின் மெமரி என்று ஏதாவது ஒன்றிரண்டு மட்டும் துளியூண்டு கரன்ட் எடுத்துக்கொண்டிருக்கும். இன்றைய கார் அப்படி இல்லை. இன்ஜினுக்கு, பிரேக்குக்கு, ஏர்பேக்குக்கு, கதவுக்கு, ஏசிக்கு, டச் ஸ்கிரீனுக்கு என்று தனித்தனியாகக் குட்டிக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒரு சாதாரண காரிலேயே இவை டஜன் கணக்கில் உண்டு. எல்லாம் ஒரே ஒயர் வலையில் பேசிக்கொள்கின்றன. 1986-ல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற முறை அது. இன்றும் பெரும்பாலான கார்களின் நரம்பு மண்டலம் அதுதான்.

நீங்கள் இறங்கி, பூட்டி, லிஃப்டில் ஏறிப் போன பிறகும் இவை உடனே தூங்குவதில்லை. கடைசித் தகவல்களைச் சேமிக்கும், ஒன்றுக்கொன்று 'நான் தூங்கப்போகிறேன்' என்று சொல்லிக்கொள்ளும். காரைப் பொறுத்து சில நிமிடங்களில் இருந்து அரை மணி நேரத்துக்கு மேலும் இது ஆகலாம். அதன் பிறகும் சிலருக்கு நைட் டியூட்டி உண்டு. உங்கள் சாவியின் சிக்னலுக்காகக் காத்திருக்கும் ரிசீவர், திருட்டு அலாரம், மொபைல் ஆப்புக்குப் பதில் சொல்லும் சிம் கார்டு மோடம் ஆகியவை விழித்தே இருக்கும்.

பிரச்சினை எங்கே வருகிறது? ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் குட் நைட் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு பெரியப்பா மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒரு ஃபார்வர்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறார். மியூட் போடத் தெரியாத அத்தனை பேரின் போனும் அலறுகிறது. கார் நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டர் தூங்க மறுத்தால் இதேதான் நடக்கும். அது மற்றவற்றையும் எழுப்பும். எழும்போது ரிலேக்கள் 'டிக்' என்று விழும். வாட்ச்மேன் ஐயா கேட்டது எலியை அல்ல, அந்தப் பெரியப்பாவை.

எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும்?

நிறுத்திய காரில் இருந்து வரும் சத்தம் எல்லாமே கோளாறு இல்லை. ஓட்டி நிறுத்தியதும் அடியில் இருந்து வரும் 'டக்... டக்...', சூடான சைலன்சரும் உலோகத் தகடுகளும் ஆறிச் சுருங்கும் சத்தம். ரேடியேட்டர் ஃபேன் சில நிமிடங்கள் சுற்றுவது சகஜம், அதுவும் சென்னை வெயிலில் சொல்லவே வேண்டாம். டர்போ இன்ஜின்கள் சிலவற்றில் இன்ஜின் நின்ற பிறகும் ஒரு சின்ன எலெக்ட்ரிக் பம்ப் ஓடி, டர்போவைச் சுற்றிக் கூலன்ட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். ஆட்புளூ ஊற்றும் டீசல் கார்களில், குழாயில் மிச்சம் இருக்கும் திரவத்தை டேங்குக்கே திரும்ப உறிஞ்சும் பம்ப் சத்தம் கேட்கும். டேஷ்போர்டுக்குள் 'கிர்ர்' என்று வந்தால், பெரும்பாலும் ஏசியின் காற்றுக் கதவுகளைத் திருப்பும் குட்டி மோட்டார்கள் தங்கள் இடத்துக்குத் திரும்புகின்றன.

இன்னும் விநோதமானது ஒன்று உண்டு. அமெரிக்காவில் விற்கும் டொயோட்டா கார்கள் சிலவற்றின் கையேட்டில், வண்டியை அணைத்துச் சுமார் 5 மணி நேரம் கழித்து அடியில் இருந்து சில நிமிடங்கள் சத்தம் வரலாம், அது கோளாறு அல்ல என்றே எழுதியிருக்கிறது. பெட்ரோல் ஆவி எங்காவது கசிகிறதா என்று கார் தன்னைத்தானே பரிசோதித்துக்கொள்ளும் நேரம் அது. சாயங்காலம் 7 மணிக்கு நிறுத்தினால் நள்ளிரவில் முனகும். காரணம் தெரியாதவர் தாயத்து கட்டத்தான் ஓடுவார். ஹைபிரிட் கார்களில் டிரைவர் கதவைத் திறந்ததுமே பிரேக் பம்ப் ஓடும் சத்தம் வருவதும் இதே வகைதான். எலெக்ட்ரிக் கார்களில் 'டொக்' என்று கனமாக ஒரு சத்தம் வந்தால், பெரிய பேட்டரியை இணைக்கும் காண்டாக்டர் என்ற சுவிட்ச் மூடுகிறது அல்லது திறக்கிறது என்று அர்த்தம்.

கவலைப்பட வேண்டியது திரும்பத் திரும்ப வரும் சத்தத்துக்கு. பூட்டி இரண்டு மணி நேரம் கழித்தும், யாரும் பக்கத்தில் போகாமலே, அதே 'டிக்' விட்டுவிட்டு வந்தால் கார் தூங்கவில்லை என்று பொருள். கால் மணி நேரம் தாண்டியும் ஃபேன் நிற்கவில்லை என்றாலும் அப்படித்தான். ஒரு ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். எலியையும் முழுதாக விடுதலை செய்துவிட முடியாது. ஒயர் கடிக்கும் எலி நம் ஊர்ப் பார்க்கிங்குகளின் நிஜமான வில்லன்தான். ஆனால் எலி அடையாளம் விட்டுப் போகும்: புழுக்கை, பஞ்சுத் துணுக்கு, கடித்த ஒயர்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

ஆழமாகத் தூங்கும் ஆரோக்கியமான கார் இழுக்கும் கரன்ட் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் அளவுகோல். 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். நம் சின்ன கார்கள் பலவற்றில் இருப்பது 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. எந்தக் கோளாறும் இல்லாத காரே இரண்டு வாரத்தில் பாதி பேட்டரியைக் காலி செய்துவிடும். இது பேட்டரி புதிதாக, முழு சார்ஜில் இருந்தால் போடுகிற கணக்கு. நிஜத்தில் டிராஃபிக்கில் 4 கிலோமீட்டர் ஏசியோடு ஊர்ந்து வந்த பேட்டரி, முழு சார்ஜில் இருக்காது.

இப்போது ஒரு டேஷ்கேமைச் சேருங்கள். ஆக்சசரீஸ் கடையில் "பார்க்கிங் மோடு இருக்கு சார், யாராவது இடிச்சா ரெக்கார்டு ஆகும்" என்று சொல்லி நேராக ஃப்யூஸ் பாக்ஸில் ஒயர் கொடுத்துவிடுவார்கள். அது 0.3 ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-ஹவர். இரண்டரை நாளில் பாதி பேட்டரி காலி. வெள்ளிக்கிழமை இரவு நிறுத்தி, திங்கள் காலை எடுப்பதற்குள் இது நடந்துவிடும். வோல்டேஜ் குறைந்தால் தானாகத் துண்டிக்கும் வசதி நல்ல டேஷ்கேம் கிட்களில் உண்டு. அதை 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்காதபடி வைத்திருக்கிறார்களா என்று யாரும் பார்ப்பதில்லை.

அண்ணன் கார் விஷயத்தில் மீட்டர் காட்டியது 0.15 ஆம்பியர். கேட்க அற்பமாக இருக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளில் அது 18 ஆம்பியர்-ஹவர். ஒவ்வொரு வாரமும் பேட்டரி பாதியாகி, சனி ஞாயிறு ஓட்டத்தில் அரைகுறையாக ஏறி, மறுபடி பாதியாகியிருக்கிறது. நம் காரில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி போன் பேட்டரி போன்றது இல்லை. சார்ஜ் இறங்கிய நிலையிலேயே கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு முழு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது. வெயில் அதை வேகப்படுத்தும். ஆகவே அந்தப் பேட்டரிகள் உண்மையிலேயே செத்துத்தான் போயின, சர்வீஸ் சென்டர் சொன்னது பொய் இல்லை. ஆனால் கொன்றது யார் என்று அவர்கள் பார்க்கவே இல்லை.

எலெக்ட்ரிக் கார் வாங்கினால் தப்பிக்கலாமா?

இல்லை. எலெக்ட்ரிக் காரிலும் சின்னதாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கும். கதவு, கம்ப்யூட்டர்கள், பெரிய பேட்டரியை இணைக்கும் காண்டாக்டர் எல்லாம் அதில்தான் உயிர்பெறும். அது போனால், 400 கிலோமீட்டர் போகும் சார்ஜ் உள்ளே இருந்தும் கார் அசையாது. வீடு நிறையப் பணம் இருந்தும் பீரோ சாவி தொலைந்த கதை. பல மாடல்கள் நிற்கும்போதே பெரிய பேட்டரியில் இருந்து சின்னதுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளும் என்பது ஆறுதல்.

அந்த ஏற்பாடே பழுதானால்? 2024-ல் ஹூண்டாய், கியா எலெக்ட்ரிக் கார்களில் 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஐசிசியு என்ற பாகம் சேதமடையலாம், ஓடும்போதே சக்தி போகலாம் என்று அமெரிக்காவில் சுமார் 1.47 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதே காரணத்துக்காக இந்தியாவிலும் அந்த ஆண்டு 1,744 அயோனிக் 5, 1,138 இவி6 கார்கள் அழைக்கப்பட்டன. இது ஓட்டும்போது ஆபத்து என்பதால் ரீகால் நடந்தது.

நின்ற இடத்தில் பேட்டரி தீர்வதற்கு அப்படி எதுவும் நடப்பதில்லை. 2019-ல் திருத்தப்பட்ட நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, சுற்றுச்சூழலுக்கோ மனிதர்களுக்கோ தீங்கு தரும் குறைபாடு இருந்தால் வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடலாம் என்கிறது. காலை 5 மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப முடியாமல் நிற்பதை யாரும் 'தீங்கு' கணக்கில் எழுதுவதில்லை. அமெரிக்காவில் 2015 முதல் 2020 வரையிலான சில சுபாரு மாடல்களின் உரிமையாளர்கள், நிறுத்தி வைத்த காரில் பேட்டரி தீர்கிறது என்று கூட்டாக நீதிமன்றம் போனார்கள். நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே சமரசத்துக்கு வந்தது. அங்கே அதற்கு வக்கீல்கள் வேண்டியிருந்தது.

அவர்களுக்குத் தெரியும், நமக்குச் சொல்வதில்லை

கோபம் வருவது இந்த இடத்தில்தான். தொழிற்சாலையில் இருந்து புதுக் கார் கப்பலிலும் லாரியிலும் ஏறி, டீலர் யார்டில் வாரக்கணக்கில் நிற்கிறதே, அப்போது பேட்டரி தீராதா? தீராமல் பார்த்துக்கொள்ளப் பல நிறுவனங்கள் 'டிரான்ஸ்போர்ட் மோடு' வைத்திருக்கின்றன. தேவையற்ற கம்ப்யூட்டர்களை அது முழுதாக அணைத்து வைக்கும். டெலிவரி அன்று, ரிப்பன் வெட்டுவதற்கு முன் அதை நீக்கிவிடுவார்கள். சில மாடல்களில் ஃப்யூஸ் பாக்ஸிலேயே இதற்கான சுவிட்ச் இருக்கிறது. அதை வாடிக்கையாளரிடம் காட்டிக்கொடுக்கும் சேல்ஸ்மேனை நான் இன்னும் பார்க்கவில்லை. அதாவது, கார் அவர்கள் கையில் இருக்கும்வரை பேட்டரியைக் காப்பாற்ற வழி இருக்கிறது. நம் கைக்கு வந்த பிறகு "ஓட்டாம வச்சிருந்தீங்க" என்ற பழி இருக்கிறது.

ஃப்ரிட்ஜ் வாங்கினால் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று முகப்பிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். காருக்கு மைலேஜ் சொல்கிறார்கள். பாரத் என்கேப் வந்த பிறகு மோதல் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கிறார்கள். பூட்டி வைத்தால் இந்த கார் எவ்வளவு இழுக்கும், எத்தனை நாள் கழித்து ஸ்டார்ட் ஆகும் என்ற இரண்டு எண்களை ஏன் பிரவுச்சரில் அச்சடிக்கக் கூடாது? அந்த எண்கள் இல்லாமல் எந்த நிறுவனமும் பேட்டரியின் அளவைத் தீர்மானித்திருக்காது. பொருளின் தரம் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கிறது. இந்த எண்களும் அதில் அடக்கம் என்று வாதிட நிறைய இடம் இருக்கிறது.

இன்னொரு கோரிக்கை சர்வீஸ் சென்டர்களுக்கு. வாரன்ட்டியில் உள்ள காரில் இரண்டாவது முறை பேட்டரி இறங்கினால், கரன்ட் எவ்வளவு கசிகிறது என்று அளந்து ஜாப் கார்டில் எழுதிய பிறகே புதுப் பேட்டரி விற்க வேண்டும். சும்மா பேட்டரி டெஸ்டரை வைத்து 'பேட்' என்று பிரின்ட் எடுத்துக் கொடுப்பது அளப்பது ஆகாது.

நிறுவனங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. போனில் இருந்தே ஏசி போட வேண்டும், கார் எங்கே இருக்கிறது என்று மேப்பில் தெரிய வேண்டும், சாவியைப் பாக்கெட்டில் இருந்து எடுக்காமலே கதவு திறக்க வேண்டும் என்று கேட்டது நாம்தான். இவை எல்லாமே விழித்திருக்க யாராவது ஒருவர் வேண்டும் என்று கேட்பவை. கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. விலையைச் சொல்லிக் கொடுங்கள், வேண்டாதபோது அணைக்க ஒரு பட்டனும் கொடுங்கள்.

அதுவரை நாம் என்ன செய்வது?

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் ஐடிலில் விடுவது பெரும்பாலும் வீண். ஸ்டார்ட் பண்ணச் செலவான கரன்ட் ஏறும், அவ்வளவுதான். மூடிய பேஸ்மென்ட்டில் அப்படிச் செய்தால் புகை வேறு. அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்கள். ஸ்மார்ட் கீயைக் காரின் பக்கத்திலேயே வைக்காதீர்கள். தனி வீட்டில் வாசல் ஆணியில் மாட்டிய சாவியோடு போர்ட்டிகோவில் நிற்கும் கார் இரவெல்லாம் பேசிக்கொண்டிருக்கலாம். சிக்னல் இல்லாத பேஸ்மென்ட்டில் காரின் மோடமும் உங்கள் போன் போலவே டவரைத் தேடி அலையும். ஊருக்குப் போகும்போது மேல் தளத்தில் நிறுத்த முடிந்தால் நல்லது.

மாதக்கணக்கில் வெளியூர் போகிறீர்கள் என்றால், கையேட்டைப் பார்த்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைக்கலாம். ஆட்புளூ வண்டி என்றால் அணைத்ததும் உடனே கழற்றாமல், பம்ப் வேலை முடியச் சில நிமிடம் விடுங்கள். பேட்டரி டிக்கியில் இருக்கும் கார்களில், டிக்கியே மின்சாரத்தில் திறப்பது என்றால், மூடும் முன் யோசியுங்கள். எலெக்ட்ரிக் காரில் கையேடு சொல்லாமல் எதையும் கழற்ற வேண்டாம்.

சந்தேகம் இருந்தால், ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற காரில் பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் இருந்தால் கிட்டத்தட்ட முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. மூன்று நாள் தொடர்ந்து குறித்து வைத்தால் இறங்கும் வேகம் தெரிந்துவிடும். கசிவை ஆம்பியரில் அளப்பதை மட்டும் நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கதவு லாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடியது போல் வைத்து, கார் தூங்கும்வரை முக்கால் மணி நேரமாவது காத்திருந்து பார்க்க வேண்டிய வேலை அது. வந்து ஐந்தே நிமிடத்தில் "லீக் இருக்கு" என்று சொல்பவர் விழித்திருக்கும் காரை அளக்கிறார்.

அண்ணனின் காரை அப்படிப் பொறுமையாக அளந்தவர், எங்கள் தெருமுனையில் பேட்டரி கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே 50 நிமிடம் காத்திருந்தார். பிறகு ஒவ்வொரு ஃப்யூஸாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், டச் ஸ்கிரீனுக்குப் போகும் லைனில் நின்றார். "இவன்தான் தூங்க மாட்டேங்கிறான் தம்பி" என்றார். புதுப் பேட்டரி விற்றிருந்தால் அவருக்கு லாபம். வாங்கியதோ 500 ரூபாய்.

அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அட்வைசர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "ஆமா சார், இந்த மாடலுக்கு அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கு. போட்டுடலாமா?" 40 நிமிடம் ஆனது. காசு இல்லை. அந்த அப்டேட் எப்போது வந்தது என்று அண்ணன் கேட்டார். முதல் பேட்டரியை மாற்றியதற்கு முன்பே வந்திருக்கிறது. இரண்டு பேட்டரிகளுக்குக் கொடுத்த 10,000 ரூபாய்க்கான பில்கள் இரண்டையும் டேபிளில் வைத்துவிட்டு, எழுத்துப்பூர்வமாகப் பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஆறு வாரம் ஆகிறது. இன்னும் பதில் வரவில்லை. வாட்ச்மேன் ஐயா மட்டும் அடுத்த நாளே சொல்லிவிட்டார், "இப்ப சத்தம் இல்ல தம்பி."